கிட் காருக்கு எஞ்சின்: ஹயபூசாவா, டைப்-ஆரா, பழைய எம்எக்ஸ்-5ஆ?

கிட் கார் என்றால் பாகங்களாக வாங்கி வீட்டில் நாமே பூட்டிக் கட்டுகிற கார். கேள்வி இதுதான்: "இங்கிலாந்தில் இருக்கிறேன். வீட்டு கராஜில் லோட்டஸ் செவன் மாதிரி இரண்டு சீட் கிட் கார் ஒன்று கட்ட ஆசை. சேசிஸ் இன்னும் வாங்கவில்லை, முதலில் எஞ்சினை முடிவு செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். ஹயபூசா பைக் எஞ்சின், ஹோண்டா சிவிக் டைப்-ஆர் எஞ்சின், பழைய போர்டு எஞ்சின், இந்த மூன்றில் எது நல்லது? வார இறுதியில் ஓட்டுவேன், வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை டிராக்கிலும் ஓட்ட வேண்டும். ஸ்பானர் வேலை ஓரளவு தெரியும், வெல்டிங் தெரியாது."

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலைமைக்கு மூன்றும் வேண்டாம். பாடி துருப்பிடித்து, ஆனால் ஓடுகிற நிலையில் இருக்கும் மஸ்டா எம்எக்ஸ்-5 என்கிற இரண்டு சீட் கார், அதிலும் 1.8 லிட்டர், முழுக் காராக வாங்குங்கள். அதற்கென்றே வடிவமைத்த சேசிஸை அப்புறம் வாங்குங்கள். எஞ்சினை மட்டும் தனியாக வாங்கி மூலையில் வைத்துவிட்டு மற்றதை யோசிப்பது, நிலைக்கதவை வாங்கி வைத்துவிட்டு அதற்கேற்ப வீடு கட்டுகிற கதைதான். பாதியில் நின்றுபோன கிட் கார்கள் விற்பனைக்கு வரும்போது விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் எஞ்சின் இருக்கும், சேசிஸ் இருக்கும், இரண்டையும் சேர்க்கிற சாமான்கள்தான் இருக்காது.

முதலில் குதிரைசக்தி விஷயத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் உங்கள் மூன்று தேர்வில் இரண்டு அதை வைத்துதான் வந்திருக்கிறது. 1957இல் லோட்டஸ் செவன் வந்தபோது அதில் இருந்தது போர்டின் 1172 சிசி சைடு-வால்வ் எஞ்சின், சுமார் 40 குதிரைசக்தி. இன்றைக்கு அந்தக் காரின் வாரிசாக கேட்டர்ஹாம் விற்கிற செவன் 170இல் இருப்பது சுசுகியின் 660 சிசி மூன்று சிலிண்டர் டர்போ. ஜப்பானில் குட்டி கெய் கார்களுக்குப் போடுகிற எஞ்சின் அது, 84 குதிரைசக்தி, ஆனால் கார் மொத்தமே 440 கிலோதான், அதனால் 60 மைல் வேகத்தை ஏழு நொடிக்குள் தொட்டுவிடுகிறது. கணக்குப் போட்டால் டன்னுக்கு 190 குதிரைசக்தி. எம்எக்ஸ்-5 1.8இன் 131 குதிரைசக்தியை, கட்டி முடித்தபின் 600-650 கிலோ வருகிற ஒரு காரில் போட்டால் டன்னுக்கு 200க்கு மேல் வந்துவிடும். கதவு இல்லாமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிற காருக்கு இது தாராளம். 200 குதிரைசக்தி வேண்டாம் என்று சொல்லவில்லை, முதல் காரிலேயே வேண்டாம் என்கிறேன். கட்டி முடித்து ஒரு வருஷம் ஓட்டியபின் டர்போ போடுகிறவர்கள் போடட்டும்.

இப்போது நிஜமான விஷயத்துக்கு வருவோம். எஞ்சின் தனியாக வருகிற பொருள் இல்லை. அதன் பின்னால் பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற கூடு), கிளட்ச், கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃப்பரன்ஷியல் என்று ஒரு வரிசை, கீழே எண்ணெய் தேங்குகிற சம்ப், ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, மேலே வயரிங்கும் எஞ்சினை நடத்துகிற கணினியான ஈசியூவும், இதற்கெல்லாம் சேர்த்து ஒரு கட்டுத் தாள்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிற எஞ்சின்கள் ஏன் மலிவு என்றால், அவை கிட்டத்தட்ட எல்லாமே முன்சக்கர இயக்கக் கார்களில் குறுக்காக உட்கார்ந்திருந்தவை. செவன் மாதிரிக் காரில் எஞ்சின் நீளவாக்கில் உட்கார வேண்டும், பின்சக்கரம் ஓட வேண்டும். குறுக்கு எஞ்சினை நீளவாக்கில் திருப்பியதும் அதன் பழைய கியர்பாக்ஸ் பயன்படாது, சம்பின் வடிவம் பொருந்தாது, தண்ணீர்க் குழாய்கள் தப்பான முனையில் வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கடையில் தீர்வு கிடைக்கும். எல்லாத் தீர்வையும் கூட்டிப் பார்த்தால் எஞ்சின் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு வந்து நிற்கும்.

போர்டு ஸீடெக்கை எடுத்துக்கொள்ளுங்கள், 90களின் எஸ்கார்ட், மான்டியோ, முதல் தலைமுறை ஃபோகஸ் இவற்றில் வந்தது. நல்ல எஞ்சின், 2.0இல் 130 குதிரைசக்தி, எவ்வளவு அடித்தாலும் தாங்கும், கிட் கார் உலகத்தில் அதற்கு வேண்டிய சாமான் எல்லாம் ரெடியாகக் கிடைக்கும். பழைய போர்டு சியராவில் சிவிஹெச் எஞ்சினுக்கு வந்த டைப்-9 கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங் இதற்கு நேராகப் பொருந்தும், அது பெரிய வசதி. ஆனால் தெர்மோஸ்டாட் ஹவுசிங் ஃப்ளைவீல் பக்கத்து முனையில் இருக்கிறது. எஸ்கார்ட்டில் அந்த முனை காரின் பக்கவாட்டில் இருந்தது, இடம் இருந்தது. உங்கள் காரில் அது நேராக டேஷ்போர்டுக்கு முன்னால் இருக்கிற தகட்டில் போய் இடிக்கும். அதைக் கழற்றிவிட்டு மெல்லிய வேறொரு ஹவுசிங் போட்டு, எஞ்சின் ஓரமாக முன்பக்கம் வரைக்கும் தண்ணீர்க் குழாய் இழுக்க வேண்டும். சம்பை வெட்டி உயரம் குறைக்க வேண்டும், அல்லது குறைத்ததை வாங்க வேண்டும். வெல்டிங் தெரிந்தவருக்கு இது ஒரு வார இறுதி வேலை. உங்களுக்கு இது கூரியருக்குக் காத்திருக்கிற வேலை.

அதற்குப் பின் வந்த டியூராடெக் இன்னும் நல்ல எஞ்சின். முழு அலுமினியம், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், உண்மையில் மஸ்டா வடிவமைத்தது. கேட்டர்ஹாம் 420இல் இதையேதான் 210 குதிரைசக்திக்கு ஏற்றிப் போடுகிறார்கள். ஆனால் பழைய போர்டு பெல் ஹவுசிங் எதுவும் இதற்குப் பொருந்தாது, தனியாக வாங்க வேண்டும். இன்னொன்றும் உண்டு, இதை யாரும் முதலில் கவனிப்பதில்லை: எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம்? டியூராடெக்கை நீளவாக்கில் வைத்தால் எக்ஸாஸ்ட் வலது பக்கம் வரும். இங்கிலாந்தில் டிரைவர் வலது பக்கம். ஸ்டீரிங் ராடு எஞ்சினை ஒட்டிக் கீழே ஸ்டீரிங் ரேக்குக்கு இறங்குகிற அதே குறுகிய இடத்தில் நான்கு எக்ஸாஸ்ட் குழாய்களும் இறங்க வேண்டும். முடியாதது இல்லை, கேட்டர்ஹாமே செய்கிறது, ஆனால் அவர்கள் சேசிஸுக்கென்றே மேனிஃபோல்டு வளைத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் வாங்குகிற சேசிஸ் கம்பெனியிடம் அப்படி ஒன்று தயாராக இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

டைப்-ஆர் எஞ்சினிலும் இதே சிக்கல். 2001இல் வந்த இபி3 சிவிக்கின் கே20ஏ2, 200 குதிரைசக்தி, அது உச்சத்துக்குப் போவது 7,400 சுற்றில். கேட்க அப்படி ஒரு சுகம், அதில் சந்தேகமே இல்லை. ஏரியல் ஆட்டம் இந்தக் குடும்பத்து எஞ்சினைத்தான் வைத்திருக்கிறது, ஆனால் அதில் எஞ்சின் டிரைவருக்குப் பின்னால், சிவிக்கில் இருந்த மாதிரியே குறுக்காக, அதே கியர்பாக்ஸோடு உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் அங்கே அது அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. ஹோண்டாதான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால், எஞ்சினை மாற்றாதீர்கள், காரின் வகையை மாற்றுங்கள்: எஞ்சின் நடுவில் இருக்கிற கிட் ஒன்றைத் தேடுங்கள். செவன் மாதிரிக் காரின் மூக்கில் இதை வைக்க அடாப்டர் தகடு, வேறு கியர்பாக்ஸ், வேறு சம்ப், தனி ஈசியூ என்று பட்டியல் நீளும். ஹோண்டா எஸ்2000இன் எஃப்20சி எஞ்சின் பிறவியிலேயே நீளவாக்கில், பின்சக்கரத்துக்கு, ஆறு கியரோடு வருகிறது, 240 குதிரைசக்தி. ஆனால் அந்தக் கார்களை இப்போது சேர்த்து வைக்கிறவர்கள் அதிகம், எஞ்சின் விலை அதற்கேற்பப் போய்விட்டது.

சரி, ஹயபூசா. இதைக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் காகிதத்தில் இதைவிட நல்ல தேர்வே கிடையாது. 1999இல் வந்த 1299 சிசி எஞ்சின், 170 குதிரைசக்திக்கு மேல், கிளட்சும் ஆறு கியரும் எஞ்சினுக்குள்ளேயே, மொத்தமாகத் தூக்கிப் பார்த்தால் கார் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்த எடையில் பாதிகூட வராது. கியர்பாக்ஸ் தேட வேண்டாம், பெல் ஹவுசிங் தேட வேண்டாம். லிவரை முன்னும் பின்னும் தட்டினால் கியர் விழும், ரேஸ் கார் மாதிரி. ராடிகல் கம்பெனி சுசுகி பைக் எஞ்சினை வைத்தே டிராக் கார்களை வருஷக்கணக்காக விற்கிறது.

இதில் இருக்கிற பெரிய சிக்கல் எண்ணெய். பைக் வளைவில் சாயும். சாயும்போது எண்ணெய்க்கு "கீழே" என்பதும் எஞ்சினுக்குக் "கீழே" என்பதும் ஒன்றாகவே இருக்கும், அதனால் சம்பில் எண்ணெய் நடுவிலேயே நிற்கும். ஆக, பைக் எஞ்சினை வடிவமைத்தவர்கள் எண்ணெய் பக்கவாட்டில் ஓடுவதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அதே எஞ்சினைச் சாயாத காரில் வைத்து, ஒட்டுகிற டயர் போட்டு, ஒரு நீண்ட வளைவில் திருப்பினால் எண்ணெய் முழுக்க ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும். உறிஞ்சுகிற குழாய் காற்றை உறிஞ்சும். ஒன்பதாயிரம் பத்தாயிரம் சுற்றில் கனெக்டிங் ராடின் பெரிய முனை பேரிங்குக்கு எண்ணெய் ஒரு சில நொடி போகவில்லை என்றால் போதும், கனெக்டிங் ராடு பிளாக்கில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் தடுப்புத் தகடு வைத்த, உயரம் குறைத்த சம்ப் போட வேண்டும், டிராக்கில் உண்மையாக ஓட்டுவதென்றால் எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கிற டிரை சம்ப் வரைக்கும் போக வேண்டும். அந்தச் செலவைச் சேர்க்காமல் யாராவது "பைக் எஞ்சின் மலிவு" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது ரிவர்ஸ். பைக் கியர்பாக்ஸில் ரிவர்ஸ் கிடையாது. பிரிட்டனில் நாலு சக்கர வண்டி 410 கிலோவுக்கு மேல் இருந்தால் பின்னால் போகிற வசதி கட்டாயம். ஆகவே புரொப்பல்லர் ஷாஃப்ட் நடுவில் தனியாக ஒரு ரிவர்ஸ் பாக்ஸ் அல்லது மின்மோட்டார், அதற்கு ஒரு விலை, ஒரு எடை, ஒரு சத்தம். கிளட்சும் 220 கிலோ பைக்குக்குச் செய்தது, உங்களோடு சேர்த்து 550 கிலோவை ஒரு மேட்டுச் சாலை சிக்னலில் நகர்த்தும்போது அதற்குப் பிடிக்காது. மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில், டிஃப்பரன்ஷியல் (டிஃப்) விகிதத்தைப் பொறுத்து, 6,000 சுற்றை ஒட்டி அலறிக்கொண்டே போகும். அரை மணி நேரம் சிரிப்பு வரும், இரண்டு மணி நேரத்தில் காது வலிக்கும். முழுக்க டிராக்குக்கு, டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகிற கார் என்றால் நானே பைக் எஞ்சின்தான் சொல்வேன். வார இறுதியில் குடும்பத்தில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடலோரம் போய்வருகிற கார் என்றால் சொல்ல மாட்டேன்.

"பழைய போர்டு" என்று நீங்கள் சொன்னது கிராஸ்ஃப்ளோவா பின்டோவா தெரியவில்லை, இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கிராஸ்ஃப்ளோ 1967இல் வந்த கென்ட் குடும்பத்து எஞ்சின், இரும்பு பிளாக், இரும்பு ஹெட், பக்கத்தில் இரண்டு வெபர் கார்புரேட்டர். அந்த உறிஞ்சுகிற சத்தத்துக்காகவே அதைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நல்ல கிராஸ்ஃப்ளோ இப்போது பழைய எஸ்கார்ட் பிரியர்கள் கையில் மாட்டிக்கொண்டுவிட்டது, உருப்படியாக ஒன்று கட்ட ஆகிற காசில் இரண்டு எம்எக்ஸ்-5 வாங்கலாம். பின்டோ சியராவில் 2.0 வரைக்கும் வந்தது, ஒரு காலத்தில் வீட்டிலேயே சேசிஸ் வெல்டிங் செய்து கட்டுகிற லோகாஸ்ட் கார்களுக்கு இதுதான் சோறு போட்டது. உயரமான எஞ்சின், பானட்டுக்கு மேல் தலை நீட்டும். கனம். கேம் ஷாஃப்டுக்கு எண்ணெய் தெளிக்கிற ஓட்டைக் குழாய் அடைத்துக்கொண்டால் கேம் தேய்ந்துபோகும், இது எல்லாருக்கும் தெரிந்த வியாதி. எளிமையான எஞ்சின்தான், ஆனால் சியராக்களே காயலான் கடைக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன, பாகங்களுக்காகப் பிரிக்கிற டோனர் கார் கிடைக்காது.

ரோவர் கே-சீரீஸையும் உங்களிடம் யாராவது சொல்வார்கள். முதல் லோட்டஸ் எலீஸில் 1996இல் இருந்தது இதன் 1.8தான், கேட்டர்ஹாமும் வெகுகாலம் போட்டது. அலுமினியம், எடை ரொம்பக் குறைவு, ஓட்ட இனிமை. ஹெட் கேஸ்கெட் போகும் என்ற பெயரும் உண்டு, அது வெறும் வதந்தி இல்லை. ஹெட், பிளாக், அடிச்சட்டம் மூன்றையும் மேலிருந்து கீழ் வரை நீளமான போல்ட்டுகள்தான் சேர்த்துப் பிடிக்கின்றன, உள்ளே தண்ணீர் அளவும் குறைவு, கொஞ்சம் ஒழுகினாலும் சூடு ஏறிவிடும். அடுக்குத் தகட்டு கேஸ்கெட் போட்டு, லைனர் உயரம் சரிபார்த்துக் கட்டினால் தாங்கும். அதைச் சரிபார்க்கத் தெரிந்தவர் கட்டியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வி8 பற்றி ஒரே வரி: ரோவர் வி8 அலுமினியம் என்பதால் நினைக்கிற அளவு கனம் இல்லை, ஆனால் அது கோப்ரா மாதிரி அகலமான கார்களுக்கு, செவன் மூக்குக்கு இல்லை.

இனி எம்எக்ஸ்-5 ஏன் என்று. 1989இல் வந்த காலத்திலிருந்தே எஞ்சின் நீளவாக்கில், பின்சக்கர இயக்கம், ஐந்து கியர், டிஃப், நான்கு பக்கமும் தனித்தனி சஸ்பென்ஷன். கிட் காருக்கு வேண்டிய எல்லாமே ஒரே காரில், ஒன்றோடொன்று பொருந்தின நிலையில், அந்த மஸ்டா எஞ்சினியர்கள் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்த விகிதத்தில். எக்ஸாஸ்ட் இடது பக்கம், அதாவது வலப்பக்க ஸ்டீரிங்குக்குத் தொந்தரவே இல்லை. டைமிங் பெல்ட் அறுந்தாலும் இந்த எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதாது. இங்கிலாந்து குளிர்காலச் சாலை உப்பில் இந்தக் காரில் கதவுக்குக் கீழே இருக்கிற சில் பகுதியும் பின்சக்கர வளைவும் அரித்துப்போகும், 1998க்குப் பின் வந்த இரண்டாம் தலைமுறையில் முன்பக்கச் சட்டமே அரிக்கும். அப்படி வருடாந்திர எம்ஓடி சோதனையில் தோற்று, வெல்டிங் செய்ய ஆகிற செலவு காரின் விலையைத் தாண்டிவிட்டதால் மூலையில் நிற்கிற கார்தான் நீங்கள் தேட வேண்டியது. துரு பாடிக்குத்தான், பாடியை நீங்கள் எப்படியும் தூக்கிப் போடப் போகிறீர்கள்.

1.6ஐவிட 1.8ஐச் சொல்வதற்குக் காரணம் எஞ்சின் மட்டுமில்லை, டிஃப். 1.6இன் டிஃப் சின்னது, 1.8இல் அது பெரிதாகிவிட்டது, பின்னால் டர்போ ஆசை வந்தால் அதுவே தாங்கும். 1.6 மலிவாகக் கிடைத்து எடுப்பதானால் ஆரம்ப கால வண்டிகளில் ஒரு விஷயம் பார்க்க வேண்டும்: கிராங்க் ஷாஃப்டின் முன் முனை குட்டையாக இருந்தது, பெல்ட் புல்லியைப் பிடிக்கிற சாவித் தடம் தேய்ந்து புல்லி தள்ளாட ஆரம்பிக்கும், அப்புறம் டைமிங் போய்விடும். டார்ச் அடித்து கிராங்க் புல்லியின் முகத்தைப் பாருங்கள். நான்கு வெட்டு இருந்தால் குட்டை முனை, எட்டு வெட்டு இருந்தால் நீள முனை. நான்கு என்றால் எஞ்சினை ஸ்டார்ட் செய்து புல்லி ஆட்டமில்லாமல் சுற்றுகிறதா என்று பக்கவாட்டிலிருந்து பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் மேலே டிக் டிக் என்று தையல் மெஷின் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், ஹைட்ராலிக் லிஃப்டர் சத்தம், எண்ணெய் பழசானால் வரும், மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். கீழேயிருந்து கனமாக டக் டக் என்று கேட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே வெண்ணெய் மாதிரிப் படிந்திருக்கிறதா பாருங்கள், நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாருங்கள், நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது முக்கியம். பிறகு ஓட்டிப் பார்க்க முடிந்தால் அவசியம் ஓட்டுங்கள், எல்லா கியரும் விழுகிறதா, டிஃப் ஊளையிடுகிறதா என்று. எஞ்சினை மட்டும் தனியாக, தட்டுப்பலகையில் கட்டி அனுப்புகிறவரிடம் வாங்கினால் இதில் எதையும் பார்க்க முடியாது. முழுக் கார் வாங்கச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

குறையும் சொல்ல வேண்டும். இந்த எஞ்சின் முதலில் முன்சக்கரக் கார்களுக்குச் செய்த வடிவம், அதில் தண்ணீர் பின்முனையில் வெளியேறும். எம்எக்ஸ்-5க்காகத் திருப்பியபோது அதை முன்முனைக்கு மாற்றிவிட்டார்கள், அதனால் நான்காவது சிலிண்டர் பக்கம் தண்ணீர் ஓட்டம் மந்தம். சாலையில் ஓட்ட ஒன்றும் ஆகாது. டிராக்கில் அடித்து ஓட்டுகிறவர்களும் டர்போ போடுகிறவர்களும் தண்ணீரைப் பின்னாலிருந்து எடுத்து ரேடியேட்டருக்கு அனுப்புகிற மாதிரிக் குழாய் மாற்றுவார்கள். சேசிஸ் வாங்கும்போதே ஹெட்டின் பின்பக்கம் விரல் நுழைகிற இடமாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இக்னிஷன் காயிலும் கேம் சென்சாரும்கூட அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. இரும்பு பிளாக், ஆகவே டியூராடெக்கைவிடக் கனம். இது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பரிந்துரைக்கிறேன்.

கியர் விகிதம் பற்றி ஒரு கணக்கு, இது நிறையப் பேருக்குக் காரைக் கட்டி முடித்தபின்தான் உறைக்கிறது. சியராவின் டைப்-9 கியர்பாக்ஸில் முதல் கியர் 3.65, அதோடு 3.92 டிஃப், 185/60 ஆர்13 டயர் போட்டால் 6,500 சுற்றில் முதல் கியரில் வெறும் 47 கிலோமீட்டர் வேகம்தான். கனமான சியராவை நகர்த்த அந்தக் குட்டை கியர் தேவைப்பட்டது, பாதி எடைக் காரில் போட்டால் வண்டி நகர்ந்த மறுநொடி இரண்டாவது போட வேண்டும். எம்எக்ஸ்-5இல் முதல் கியர் 3.136, டிஃப் 4.1, அதன் 14 அங்குல டயரோடு 7,000 சுற்றில் கிட்டத்தட்ட 59 வரும். ஐந்தாவதில் 70 மைல் வேகத்துக்குச் சுமார் 3,450 சுற்று. மாற்றமே செய்யாமல் லேசான காருக்கு இவ்வளவு சரியாக வருகிற கியர்பாக்ஸ் வேறு எதிலும் இந்த விலையில் இல்லை.

எலக்ட்ரானிக்ஸ் விஷயத்தில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எஞ்சின் புதிதாக ஆக ஆக, அது தன் பழைய காரை விட்டு வர மறுக்கும். சாவியில் சிப், அதை அடையாளம் காண்கிற இம்மொபிலைசர், மீட்டர் போர்டோடு பேசுகிற ஈசியூ, கேபிள் இல்லாத ஆக்சிலரேட்டர். ஒன்று குறைந்தாலும் ஸ்டார்ட் ஆகாது. அதைத் தாண்ட மெகாஸ்குவர்ட், எமரால்டு, ஓமெக்ஸ் என்று தனி ஈசியூ போடலாம், போட்டால் ரோலிங் ரோடு என்கிற உருளை மேடையில் வைத்து மேப்பிங் (ஈசியூவை எஞ்சினுக்கேற்பச் சரிசெய்வது) செய்யவும் காசு ஒதுக்க வேண்டும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இன் வயரிங் எளிமையானது. மொத்த வயரிங்கையும் அறுக்காமல், ஒவ்வொரு பிளக்கிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதிக் கழற்றி, கராஜ் தரையில் விரித்து வைத்து, ஏசி, பவர் விண்டோ, ஹெட்லைட் தூக்குகிற மோட்டார் இவற்றின் வயர்களை மட்டும் பொறுமையாகப் பிரித்தெடுத்தால் மிச்சம் இருப்பதே போதும். கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் வெல்டிங் தெரியாதவர் செய்யக்கூடிய வேலை.

சட்டம். இங்கே வீட்டில் கட்டின கார் சாலையில் ஓட ஐவிஏ சோதனை தேற வேண்டும். எஞ்சின் சம்பந்தமாக அதில் இரண்டு இடத்தில் மாட்டுவார்கள். ஒன்று புகை: எஞ்சின் தயாரான தேதியை வைத்துத்தான் அளவுகோல். பழைய கார்புரேட்டர் எஞ்சினுக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம் வரைக்கும் விடுவார்கள், கேட்டலிஸ்ட் காலத்து எஞ்சினுக்கு உயர்ந்த சுற்றில் 0.2 சதவீதம், லாம்டா (காற்று-எரிபொருள் கலவையின் அளவு) 0.97க்கும் 1.03க்கும் நடுவில். தேதியை நிரூபிக்கத் தாள் இல்லையென்றால் கடுமையான அளவுகோல்தான். இரண்டாவது சத்தம், 99 டெசிபல், அதற்கு மேல் என்றால் திரும்பிப் போக வேண்டியதுதான். பக்கவாட்டில் குட்டி சைலன்சர் வைத்த பைக் எஞ்சின் கார்கள் இங்கேதான் திணறும். (தமிழ்நாட்டிலிருந்து இதைப் படித்து ஆசைப்படுகிறவர்களுக்கு: நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றவே விடுவதில்லை, ஐவிஏ மாதிரி தனியாள் கட்டின காருக்கு எளிய வழியும் இல்லை. கட்டினால் தனியார் டிராக்கோடு சரி.)

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் எம்எக்ஸ்-5ஐ டோனராக எடுத்துக்கொள்கிற கிட் விற்கிறவர்களில் இரண்டு மூன்று பேரிடம் போய், அவர்கள் சேசிஸில் ஏற்கெனவே கட்டி முடித்த காரில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், கால் பெடலுக்கு எட்டுகிறதா, முழங்கால் ஸ்டீரிங்கில் இடிக்கிறதா என்று. எந்தெந்த வருஷத்து எம்எக்ஸ்-5 பொருந்தும், எக்ஸாஸ்ட் அவர்களே தருகிறார்களா, எஞ்சின் மவுண்டிங் வெல்டிங் செய்தே வருகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் டோனர் கார். வாங்கியதும் பிரிக்காதீர்கள், சில வாரம் ஓட்டி, எண்ணெய், டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப் எல்லாம் அதில் இருக்கும்போதே மாற்றி, என்ன சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு பிறகு பிரியுங்கள். சீட், ஹார்ட் டாப், கதவு, கண்ணாடி இவற்றை விற்றால் காரின் விலையில் நல்ல பங்கு திரும்பி வரும், ஹார்ட் டாப் இருந்தால் இன்னும் யோகம். லாக்புக்கை (காரின் பதிவு ஆவணத்தை) மட்டும் யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள், ரசீதுகள், பிரிக்கும்போது எடுத்த போட்டோக்கள், எஞ்சின் நம்பர் தெரிகிற படம், எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். எந்தப் பாகம் எந்தக் காரிலிருந்து வந்தது என்று வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்குக் காட்ட முடியாமல் போனால், வயதும் மூலமும் தெரியாத வண்டிக்குத் தருகிற க்யூ நம்பர் பிளேட்டில்தான் கொண்டுபோய் விடுவார்கள், க்யூ பிளேட் கார் விற்கும்போது விலை படியாது.